காலி இடத்தின் கணக்கு

மூன்று ஜிபி அளவுள்ள ஒரு சினிமாவைப் பென் டிரைவில் ஏற்றச் சில நிமிடங்கள் பிடிக்கின்றன. அதை அழிக்க ஒரு நொடி போதும். அதே மூன்று ஜிபிதான். எழுதும்போது மட்டும் ஏன் அவ்வளவு நேரம்? அழிக்கும்போது கணினி அந்தப் படத்தைத் தொடுவதே இல்லை என்பதுதான் விடை. படத்தின் ஒவ்வொரு பிட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வேறோர் இடத்தில் எழுதி வைத்திருக்கும் சின்னக் குறிப்பு ஒன்றுதான் மாறுகிறது: ‘இந்த இடங்கள் இனி காலி.’

இயங்குதளம் டிஸ்கைச் சம அளவுத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறது. இத்துண்டுகளை பிளாக் என்பார்கள். இன்றைய கணினிகளில் ஒரு பிளாக் பெரும்பாலும் 4 கிலோபைட். ஒரு டெராபைட் டிஸ்கில் இப்படிச் சுமார் 24 கோடி பிளாக்குகள் இருக்கும். இவற்றில் எவை கோப்புகளுக்குச் சொந்தம், எவை சும்மா கிடக்கின்றன என்பது பிளாக்கைப் படித்துப் பார்த்தால் தெரியாது. காந்தப் பூச்சுத் தட்டாக இருந்தாலும் ஃபிளாஷ் சிப்பாக இருந்தாலும் ஒவ்வோர் இடத்திலும் எப்போதும் 0 அல்லது 1 இருந்தே தீரும். ஒரு பிளாக் முழுக்க 0 ஆகவே இருந்தாலும், ஏதோ ஒரு கோப்பு 0-களையே சேமித்து வைத்திருக்கலாம். ஒரு மனையை நேரில் போய்ப் பார்த்தால் அது பட்டா நிலமா புறம்போக்கா என்று தெரியாது. தாலுகா அலுவலகப் பதிவேடுதான் சொல்ல வேண்டும். டிஸ்கிலும் காலி இடம் என்பது பதிவேட்டில் மட்டுமே இருக்கிறது.

அந்தப் பதிவேட்டில் இரண்டு விதமாகப் பிழை வரலாம். யாருக்கும் சொந்தமில்லாத பிளாக்கை ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று குறித்துவிட்டால் கொஞ்சம் இடம் வீணாகும், அவ்வளவுதான். ஒரு கோப்புக்குச் சொந்தமான பிளாக்கைக் ‘காலி’ என்று குறித்துவிட்டால், அடுத்து வரும் கோப்பு அதன் மேலேயே எழுதப்பட்டுவிடும். முதல் பிழையைப் பிறகு சரிசெய்யலாம். இரண்டாவது பிழையில் போனது போனதுதான். காலி இடத்தைக் கணக்கிடும் முறைகள் ஐம்பது ஆண்டுகளாக மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. வேகத்துக்காகப் பொறியாளர்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். ஆனால் பிழை வந்தே தீரும் என்றால் அது முதல் வகைப் பிழையாகவே வரட்டும் என்ற முடிவுக்குத்தான் நல்ல வடிவமைப்புகள் எல்லாம் வந்து சேர்ந்தன.

முதல் எழுத்து மட்டும் போய்விடும்

நாம் அதிகம் கையாளும் பதிவேட்டிலிருந்து தொடங்கலாம். மைக்ரோசாஃப்டில் 1977-ல் மார்க் மெக்டொனால்ட் உருவாக்கிய ஃபேட் என்ற முறை இன்றும் பென் டிரைவ்களிலும் மெமரி கார்டுகளிலும் உயிரோடு இருக்கிறது. டிஸ்கின் தொடக்கத்தில் ஒரு நீண்ட அட்டவணை. டிஸ்கில் எத்தனை துண்டுகளோ, அட்டவணையில் அத்தனை கட்டங்கள். ஒரு கட்டத்தில் 0 இருந்தால் அந்தத் துண்டு காலி. வேறு எண் இருந்தால், கோப்பின் அடுத்த பகுதி எந்தத் துண்டில் இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லும். 500-வது கட்டத்தில் 501, அதில் 502, அதில் 910 என்று சங்கிலியாகப் போய், கடைசிக் கட்டத்தில் ‘முடிந்தது’ என்ற குறி இருக்கும். கோப்பு எங்கெங்கே இருக்கிறது, எந்த இடம் காலி ஆகிய இரண்டு விவரங்களையும் ஒரே அட்டவணை சொல்லிவிடுகிறது.

ஒரு கோப்பை அழித்தால் என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஃபோல்டரில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் நீளத்தில் ஒரு குறிப்பு உண்டு. முதல் 11 பைட்டுகளில் கோப்பின் பெயர். பின்னால் அதன் தேதி, அளவு, அது தொடங்கும் துண்டின் எண். அழிக்கச் சொன்னதும் இயங்குதளம் பெயரின் முதல் எழுத்து இருந்த பைட்டில் 229 என்ற எண்ணை எழுதுகிறது. ‘இந்தக் குறிப்பு செல்லாது’ என்று அதற்குப் பொருள். பிறகு அட்டவணையில் அந்தக் கோப்பின் சங்கிலியில் இருந்த கட்டங்களை எல்லாம் 0 ஆக்குகிறது. வேலை முடிந்தது. பெயரின் மீதி எழுத்துகள், அளவு, தொடக்க எண், உள்ளடக்கம் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

1991-ல் வந்த டாஸ் 5.0-வில் ‘அன்டெலீட்’ என்று ஒரு கட்டளை இருந்தது. தவறி அழித்த கோப்பை அது மீட்டுக் கொடுக்கும். ஆனால் அதற்குமுன், அந்தக் கோப்பின் பெயர் எந்த எழுத்தில் தொடங்கியது என்று நம்மிடம் கேட்கும். அழிந்துபோயிருந்தது அந்த ஓர் எழுத்து என்பதால்தான் அந்தக் கேள்வி. சங்கிலி அறுந்துபோயிருந்தாலும், கோப்பு அடுத்தடுத்த துண்டுகளில் இருந்திருக்கும் என்ற ஊகத்தில் அந்தக் கட்டளை தொடக்க எண்ணிலிருந்து வரிசையாக எடுத்துக் கோக்கும். இடையில் வேறு கோப்பு எதுவும் அந்த இடத்தில் எழுதப்படாதவரை ஊகம் பல நேரம் பலிக்கும்.

ஃபேட் முறையின் சிக்கல் தேடலில் இருக்கிறது. ஒரு துண்டு 16 கிலோபைட் என்று வைத்தால், 32 ஜிபி பென் டிரைவில் சுமார் 20 லட்சம் கட்டங்கள் இருக்கும். ‘எவ்வளவு இடம் மிச்சம்?’ என்று கேட்டால் அவ்வளவையும் எண்ண வேண்டும். அதனால் ஃபேட்32-ல் மிச்சத் துண்டுகளின் எண்ணிக்கையைத் தனியே ஓரிடத்தில் எழுதி வைக்கிறார்கள். பென் டிரைவை முறைப்படி வெளியேற்றாமல் பிடுங்கிவிட்டால் அந்த எண் பழையதாகவே நின்றுவிடும். ஆகவே அதை ஓர் உத்தேசக் குறிப்பாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், முழுதாக நம்பக்கூடாது என்பது அந்த முறையின் விதி.

எழுதி வைக்காத கணக்கு

ஃபேட் வருவதற்கு முன்பே, 1974-ல், கேரி கில்டால் உருவாக்கிய சிபி/எம் என்ற இயங்குதளம் வேறு வழியில் போயிருந்தது. காலி இடத்தின் கணக்கை அது ஃபிளாப்பியில் எழுதவே இல்லை. ஃபிளாப்பியை முதலில் தொடும்போது அதிலுள்ள கோப்புப் பட்டியலை முழுக்கப் படித்து, எந்தெந்த இடம் பயன்பாட்டில் இருக்கிறது என்று நினைவகத்தில் ஒரு வரைபடத்தைப் போட்டுக்கொள்ளும். அக்கால எட்டங்குல ஃபிளாப்பியின் பட்டியல் 64 குறிப்புகள் மட்டுமே கொண்டது, நொடியில் படித்துவிடலாம். எழுதி வைத்தால்தானே கணக்குக்கும் உண்மைக்கும் முரண் வரும்?

ஆனால் பயனர் சொல்லாமல் கொள்ளாமல் ஃபிளாப்பியை மாற்றிவிட்டால்? நினைவகத்தில் இருப்பது பழைய ஃபிளாப்பியின் வரைபடம். அதை நம்பி எழுதினால் புது ஃபிளாப்பியில் இருக்கும் கோப்புகள் நாசமாகும். பட்டியலின் கூட்டுத்தொகை ஒன்றை வைத்து சிபி/எம் இந்த மாற்றத்தைக் கண்டுபிடித்து, அந்த ஃபிளாப்பியில் எழுதவே முடியாது என்று மறுத்துவிடும். ஐயம் வந்ததும் எல்லா இடத்தையும் நிரம்பியதாகக் கருதிக்கொள்ளும் முடிவு அது. அன்றைய பயனர்களுக்கு எரிச்சலாக இருந்திருக்கும். அவர்கள் கோப்புகளைக் காத்ததும் அதுதான்.

அதே காலத்தில் பெல் ஆய்வகத்தின் யுனிக்ஸ், காலி பிளாக்குகளின் பட்டியலைக் காலி பிளாக்குகளுக்குள்ளேயே ஒளித்து வைத்தது. 1975-ல் வெளியான ஆறாம் பதிப்பில், டிஸ்கின் தொடக்கத்தில் உள்ள தலைமைப் பிளாக்கில் 100 காலி பிளாக்குகளின் எண்கள் இருக்கும். இடம் கேட்கும்போதெல்லாம் கடைசி எண்ணை எடுத்துக் கொடுப்பார்கள். எல்லாம் தீர்ந்து ஓர் எண் மட்டும் மிஞ்சும்போது, அந்த எண்ணுள்ள பிளாக்கைத் திறந்தால் உள்ளே இன்னொரு பட்டியல் காத்திருக்கும். அதைத் தலைமைப் பிளாக்குக்குப் பெயர்த்துக்கொண்டு, பட்டியலைச் சுமந்த பிளாக்கையும் கொடுத்துவிடலாம். கணக்கு வைக்கவென்று தனி இடமே தேவையில்லை. கச்சிதமான யோசனை.

கலைந்துபோன பட்டியல்

அந்த யோசனையின் குறை மெல்லத் தெரிந்தது. புது டிஸ்கில் பட்டியல் வரிசையாக இருக்கும். கோப்புகள் உருவாகி, அழிந்து, மறுபடி உருவாக, பட்டியல் சீட்டுக்கட்டாகக் கலைந்துவிடும். அடுத்தடுத்துக் கேட்ட இரண்டு பிளாக்குகள் டிஸ்கின் இரு கோடியில் கிடைக்கும். தட்டு சுழலும் டிஸ்கில் இது பெரிய இழப்பு. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் இன்றைய தட்டுகூட ஒரு சுற்றுக்கு 8 மில்லிநொடிக்குமேல் எடுத்துக்கொள்கிறது. படிக்கும் முனை தடம் மாற இன்னும் சில மில்லிநொடிகள். கணினிக்கு அது யுகம்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மார்ஷல் கிர்க் மெக்குசிக், பில் ஜாய், சாமுவேல் லெஃப்லர், ராபர்ட் ஃபேப்ரி ஆகிய நால்வரும் இதை அளந்தார்கள். பழைய கோப்பு முறைமை புதிதாக இருக்கும்போது நொடிக்கு 175 கிலோபைட் வரை தந்தது. சில வாரங்கள் சாதாரணமாகப் பயன்படுத்திய பிறகு அது 30 கிலோபைட்டாகக் குறைந்துவிட்டது. டிஸ்கில் எந்தப் பழுதும் இல்லை. காலி இடத்தின் கணக்கை வைத்திருந்த விதம் ஒன்றே வேகத்தில் ஆறில் ஐந்து பங்கைத் தின்றிருந்தது. 1984-ல் வெளியான அவர்களின் ஆய்வுக் கட்டுரை, கோப்பு முறைமை எழுதுவோர் இன்றும் தேடிப் படிக்கும் ஒன்று.

பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு அவர்கள் பிட் வரைபடத்தை எடுத்துக்கொண்டார்கள். ஓர் இடத்துக்கு ஒரு பிட். அது காலியா இல்லையா என்பதை அந்த ஒரு பிட் சொல்லிவிடும். இன்றைய கணக்கில் பார்த்தால் 24 கோடி பிளாக்குகள் கொண்ட ஒரு டெராபைட் டிஸ்குக்கு இந்த வரைபடம் சுமார் 30 எம்பிதான். பட்டியலில் தெரியாத ஒன்று இதில் தெரிகிறது: எதற்குப் பக்கத்தில் எது காலி என்பது. தேடுவதும் எளிது. பயன்பாட்டில் உள்ளது 1 என்று வைத்துக்கொண்டால், செயலி 64 பிட்டுகளை ஒரே மூச்சில் எடுக்கும். அத்தனையும் 1 என்றால் அந்த 64 பிளாக்குகளையும் ஒரே ஒப்பீட்டில் தாண்டிவிடலாம். எங்காவது 0 இருந்தால், அது எத்தனையாவது பிட் என்று சொல்லச் செயலியிலேயே கட்டளை உண்டு.

டிஸ்கைப் பல வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனி வரைபடம் வைத்தது அவர்களின் அடுத்த முடிவு. இடம் தேடும் வரிசை இப்படி: கோப்பின் முந்தைய பிளாக்குக்கு அடுத்தது காலியா? இல்லையென்றால் அதே தடத்தொகுதியில்? அதுவும் இல்லையென்றால் அதே வட்டாரத்தில்? அங்கும் இல்லாவிட்டால்தான் வேறு வட்டாரம். ஒரு ஃபோல்டரில் இருக்கும் கோப்புகள் கூடியவரை ஒரே வட்டாரத்தில் இருக்கும். லினக்ஸின் எக்ஸ்ட்2 முதல் எக்ஸ்ட்4 வரை இதே குடும்பத்தைச் சேர்ந்தவை: ஒரு வரைபடம் சரியாக ஒரு பிளாக், அதில் 32,768 பிட்டுகள், ஆகவே வழக்கமான ஒரு வட்டாரத்தின் அளவு 128 எம்பி. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைமையும் பிட் வரைபடம்தான் வைத்திருக்கிறது. அங்கே அந்த வரைபடம் டிஸ்கில் ஒரு மறைவான கோப்பாகவே இருக்கிறது.

மிகப் பெரிய டிஸ்குகளுக்கு வரைபடமும் போதவில்லை. சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் 1990-களில் உருவாக்கிய எக்ஸ்எஃப்எஸ், ‘இங்கிருந்து தொடங்கி இத்தனை பிளாக்குகள் தொடர்ந்து காலி’ என்று நீளமான துண்டுகளாகக் கணக்கு வைக்கிறது. அதே தகவலை இரண்டு மரவடிவ அட்டவணைகளில் எழுதுகிறது: ஒன்று இருப்பிட வரிசையில், மற்றொன்று அளவு வரிசையில். ‘இதன் பக்கத்தில் எது காலி?’ என்ற கேள்விக்கு முதல் அட்டவணையும், ‘இவ்வளவு பெரிய இடம் எங்கே இருக்கிறது?’ என்ற கேள்விக்கு இரண்டாவதும் உடனே பதில் தரும். எக்ஸ்ட்4 இன்னொன்றும் செய்கிறது. எழுதச் சொன்னவுடன் இடத்தை முடிவு செய்யாமல், தரவைக் கொஞ்ச நேரம் நினைவகத்திலேயே வைத்துக்கொள்கிறது. மொத்தம் எவ்வளவு வரப்போகிறது என்று தெரிந்த பிறகு ஒரே நீளமான இடமாகப் பார்த்துக் கொடுக்கிறது.

மின்சாரம் போகும் அந்த நொடி

வேகம் பாதிக் கதைதான். ஒரு கோப்பின் கடைசியில் ஒரு பிளாக்கைச் சேர்க்க வேண்டும் என்றால் மூன்று இடங்களில் எழுத வேண்டும்: உள்ளடக்கம், கோப்பின் விவரக் குறிப்பு, காலி இட வரைபடம். மூன்றையும் டிஸ்கால் ஒரே கணத்தில் எழுத முடியாது. நடுவில் மின்சாரம் போனால்?

வரைபடத்தில் 1 என்று எழுதியாயிற்று, விவரக் குறிப்பில் எழுதவில்லை என்றால் அந்த பிளாக் யாருக்கும் பயன்படாமல் கிடக்கும். நட்டம் 4 கிலோபைட். மாறாக, விவரக் குறிப்பு அந்த பிளாக்கைத் தன்னுடையது என்று சொல்கிறது, வரைபடம் இன்னும் காலி என்று காட்டுகிறது என்று வையுங்கள். நாளை அதே பிளாக் இன்னொரு கோப்புக்குப் போகும். ஒரே பிளாக்குக்கு இரண்டு உரிமையாளர்கள். ஒன்றில் எழுதுவது மற்றதைச் சிதைக்கும். வாரக்கணக்கில் இது யாருக்கும் தெரியாமலே நடக்கலாம்.

யுனிக்ஸில் இதற்கு இருந்த மருந்து எஃப்எஸ்சிகே என்ற சோதனை நிரல். அது காலி இட வரைபடத்தை நம்புவதே இல்லை. டிஸ்கில் உள்ள ஒவ்வொரு கோப்பின் விவரக் குறிப்பையும் படித்து, எந்த பிளாக் யாருடையது என்று புதிதாகக் கணக்கெடுக்கும். யாரும் சொந்தம் கொண்டாடாதவை மட்டுமே காலி. முரண் இருந்தால் வரைபடம்தான் திருத்தப்படும். முறை சரியானது, ஆனால் டிஸ்க் பெருக்கப் பெருக்க இது மணிக்கணக்கில் இழுத்தது.

இரண்டு தீர்வுகள் வந்தன. மெக்குசிக்கும் கிரெக் கேன்ஜரும் வளர்த்த ‘சாஃப்ட் அப்டேட்ஸ்’ முறை, எழுதும் வரிசையையே கட்டுப்படுத்தியது. ஒரு பிளாக்கைச் சுட்டும் எல்லாக் குறிப்புகளும் டிஸ்கிலிருந்து நீங்கிய பிறகே அதை வேறு யாருக்கும் கொடுக்கலாம் என்பது அதன் முக்கிய விதி. எந்த நொடியில் மின்சாரம் போனாலும் இடம் வீணாவது மட்டுமே நேரக்கூடிய பிழை. மற்றொன்று ஜர்னல் முறை: செய்யப்போகும் மாற்றங்களை முதலில் ஒரு தனிப் பகுதியில் எழுதிவிட்டு, பிறகு உரிய இடங்களில் எழுதுவது. 2001-ல் லினக்ஸில் சேர்ந்த எக்ஸ்ட்3 இதைப் பரவலாக்கியது. ஒரு கோப்பை அழித்ததும் அதன் பிளாக்குகளை உடனே மறுபடி கொடுத்துவிடாமல், அழித்த செய்தி ஜர்னலில் உறுதியாகப் பதியும்வரை அது காத்திருக்கும். இரண்டின் தர்க்கமும் ஒன்றே: விடுதலை ஆனதாகச் சொல்லப்பட்ட இடத்தைக்கூட, உறுதியாகும்வரை நிரம்பியதாகவே கருது.

சிப்புக்குச் சொல்ல வேண்டிய செய்தி

தட்டுக்குப் பதில் ஃபிளாஷ் சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி வந்தபோது பழைய கேள்வி புது வடிவில் திரும்பியது. ஃபிளாஷ் சிப்பில் எழுதிய இடத்தில் நேரடியாக மறுபடி எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும். எழுதுவது சில கிலோபைட் கொண்ட சிறு பக்கங்களாக. அழிப்பதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த பெரிய தொகுதிகளாக. ஒரு தொகுதியை அழிக்குமுன் அதில் உயிரோடு இருக்கும் பக்கங்களை வேறிடத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

எவை உயிரோடு இருக்கின்றன என்பது எஸ்எஸ்டிக்கு எப்படித் தெரியும்? நாம் ஒரு கோப்பை அழித்தால் இயங்குதளம் தன் வரைபடத்தில் பிட்டை மாற்றிக்கொள்கிறது. அந்தச் செய்தி சிப்புக்குப் போவதில்லை. ஆகவே அழிந்த சினிமாவையும் சிப் பொறுப்பாகப் பக்கம் பக்கமாகச் சுமந்துகொண்டிருக்கும். வேகம் குறையும், சிப்பும் தேயும். ‘இந்த இடங்கள் எனக்கு இனி வேண்டாம்’ என்று இயங்குதளம் தெரிவிக்க டிரிம் என்ற கட்டளை பிறந்தது. 2009-ல் விண்டோஸ் 7 அதைக் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டு 4.3-லிருந்து போன் சும்மா இருக்கும் நேரத்தில் இந்தச் செய்திகளைத் தொகுத்து அனுப்புகிறது. பழைய கைபேசிகள் நாளாக நாளாக மந்தமானதற்கு இந்தச் செய்தி போகாமல் இருந்ததும் ஒரு காரணம்.

டிரிம் வந்ததால் ஒரு பழைய வசதி போய்விட்டது. தவறி அழித்த கோப்பை எஸ்எஸ்டியிலிருந்து மீட்பது பெரும்பாலும் நடக்காத காரியம். செய்தி போனதும் சிப் அந்த இடத்தை உண்மையாகவே துடைக்கத் தொடங்கிவிடும்.

அழித்தும் குறையாத கோப்பு

சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் எல்லோரும் ஒருநாள் இதைச் சந்திப்பார்கள். டிஸ்க் நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வரும். தேடிப் பார்த்தால் ஒரு நிரலின் பதிவுக் கோப்பு 40 ஜிபிக்கு வளர்ந்திருக்கும். அழிப்பார்கள். கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ கட்டளை 40 ஜிபி குறைந்துவிட்டது என்று காட்டும். காலி இடத்தைச் சொல்லும் டிஎஃப் கட்டளையோ எதுவும் மாறவில்லை என்னும். அந்த நிரல் இன்னும் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருப்பதுதான் காரணம். யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் அழிப்பது என்பது பெயரை நீக்குவது மட்டுமே. கடைசிப் பெயரும் போய், கடைசியாகத் திறந்து வைத்திருந்த நிரலும் அதை மூடிய பிறகுதான் பிளாக்குகள் காலியாகும். நிரலை நிறுத்தித் தொடங்கினால் 40 ஜிபியும் திரும்ப வந்துவிடும். யாரோ ஒருவர் இன்னும் பயன்படுத்துகிறார் என்னும்வரை அந்த இடத்தில் கை வைக்கக்கூடாது என்பது இங்கேயும் விதி.

இந்த விதிகளைத் தெரிந்துகொண்டால் நாம் நடந்துகொள்ள வேண்டிய முறையும் தெளிவாகும். தட்டு டிஸ்கிலோ மெமரி கார்டிலோ குழந்தையின் படங்களைத் தவறி அழித்துவிட்டால், முதல் வேலை அதில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் நிறுத்துவது. இன்னொரு படம்கூட எடுக்கக்கூடாது. மீட்கும் மென்பொருளையும் வேறு டிஸ்கில்தான் நிறுவ வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்கை விற்கும்போது வெறுமனே அழித்தால் போதாது, முழுக்க மேலெழுதித் துடைக்க வேண்டும். உள்ளடக்கத்தை மறையாக்கம் செய்து வைத்திருக்கும் இன்றைய ஸ்மார்ட்போன்களில் ‘ஃபேக்டரி ரீசெட்’ அந்த மறையாக்கத்தின் சாவியையே அழிப்பதால் வேலை எளிது. பென் டிரைவைப் பிடுங்குமுன் வெளியேற்றும் கட்டளையைக் கொடுங்கள். பாதி எழுதிய பதிவேடு அப்போதுதான் முழுமையாகும்.

டிஸ்கை விளிம்புவரை நிரப்பவும் வேண்டாம். காலி இடம் தீரும் தறுவாயில் வேகம் பாதியாகிறது என்று பெர்க்லி குழு கண்டது; பக்கத்தில் இடம் கிடைக்காமல் கோப்புகள் சிதறுவதுதான் காரணம். அதனால் அவர்கள் 10 சதவீதத்தை ஒதுக்கி வைத்தார்கள். எக்ஸ்ட்4 இன்றும் 5 சதவீதத்தை நிர்வாகிக்கென்று பிடித்து வைக்கிறது. ஒரு டெராபைட்டில் அது 50 ஜிபி. காசு கொடுத்து வாங்கிய இடத்தைக் கண்ணில் காட்டாமல் வைத்திருக்கிறார்களே என்று பலர் கோபப்படுகிறார்கள். அந்த ஒதுக்கீட்டிலும், ஜர்னலுக்குக் கொடுத்த பகுதியிலும், உறுதியாகும்வரை விடாமல் பிடித்து வைத்திருக்கும் பிளாக்குகளிலும் கொஞ்சம் இடம் போகத்தான் செய்கிறது. இடத்தை இழந்தாலும் யாருடைய கோப்பையும் இழக்கக்கூடாது என்று பெயர் தெரியாத எத்தனையோ பொறியாளர்கள் எடுத்த முடிவு அது. வேறொரு டிஸ்க் வாங்கி இடத்தைக் கூட்டிக்கொள்ளலாம். மேலெழுதப்பட்ட ஒரு புகைப்படத்தை எங்கேயும் வாங்க முடியாது.